கலப்பை எட்டாத ஆழம்

லோத்தரின் காரைப் பார்த்ததுமே எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அவன் என் பெரியப்பா மகன். சிறுவயதில் இருவரும் ஒரே பீட்ரூட் வயலில் களை பிடுங்கியவர்கள். கூட்டுப்பண்ணைக்கு நிலத்தைத் தரமாட்டேன் என்று அடம்பிடித்த பெரியப்பா, வேறு வழியில்லாமல் குடும்பத்தோடு மேற்கே ஓடினார். பின்னாலேயே எல்லையில் வேலி வந்துவிட்டது. இப்போது வேலியைப் பிடுங்கி நாட்டின் இரண்டு பாதியையும் ஒன்றாக்கிவிட்டார்கள். மகன் வரைபடத்தைச் சுருட்டிப் பிடித்துக்கொண்டு என் வாசலில் நிற்கிறான்.

"எங்கப்பா நிலம் உன் வீட்டையும் தாண்டிப் போகுது, ரோஸ்வித்தா."

"எங்கே தாண்டுது? என் படுக்கையறை வழியாவா?"

என் கணவர் மான்ஃப்ரெட் கட்டிய வீடு அது. நிலம் எல்லோருக்கும் சொந்தம், இங்கே கட்டிக்கொள் என்று பண்ணையில் காட்டிய மூலையில் கட்டினார். இப்போது அவரும் இல்லை, பண்ணையும் இல்லை, எனக்கு வேலையும் இல்லை. மிச்சம் இருப்பது வீடுதான்.

எல்லைக்கல் ஒன்றுகூட நிலத்தில் இல்லை. பெரிய டிராக்டர்கள் ஓடுவதற்காக எல்லாவற்றையும் பிடுங்கிவிட்டார்கள். ஆனால் எங்கள் பக்கத்தில் ஒவ்வொரு எல்லைக்கல்லுக்கு அடியிலும் ஒரு குறி புதைத்திருப்பார்கள். என்ன பொருள், எப்படி அடுக்குவது என்பது கல் நடுவதற்கென்று ஊர் நியமித்த, சத்தியம் செய்த எல்லைக்காரர்களுக்கு மட்டுமே தெரியும். பெண்டாட்டிக்குக்கூடச் சொல்லமாட்டார்கள். கல் போனாலும் கலப்பை எட்டாத ஆழத்தில் குறி கிடக்கும். எங்கள் ஊரில் உயிரோடு இருக்கும் ஒரே எல்லைக்காரர் ஏவால்ட், மான்ஃப்ரெட்டின் அண்ணன்.

குறியைத் தோண்டிப் பார்க்க நாள் குறித்தார்கள். அதற்கு முந்தின நாள் மாலை வெட்கத்தை விட்டு அவரிடம் போனேன்.

"கொஞ்சம் தள்ளித் தோண்டி, குறி அங்கேதான்னு சொல்லிடுங்க, ஏவால்ட். வீடு தப்பிச்சிடும்."

"மேற்கேயிருந்து கொன்ராட் வர்றான். அவனுக்கும் குறி தெரியும்."

"அவர் வரலைன்னா?"

ஏவால்ட் குனிந்து சூப்பைக் குடித்தார்.

"மான்ஃப்ரெட் இருந்திருந்தா உங்க மூஞ்சிலயே முழிச்சிருக்க மாட்டார்!" என்று கத்திவிட்டு வந்தேன்.

மறுநாள் கொன்ராட் வந்தார். வேலிக்கு அந்தப் பக்கத்து எல்லைக்காரர். இரண்டு கிழவர்களும் வாலிபத்தில் ஒன்றாகச் சத்தியம் செய்தவர்கள். வேலி வந்த பிறகு பார்த்துக்கொண்டதே இல்லை. கைகுலுக்கிவிட்டு நடந்தார்கள். என் வீட்டைத் தாண்டி, கொல்லையில் உருளைக்கிழங்குப் பாத்தியின் ஓரத்தில் நின்றார்கள். குறி அங்கே இருந்தால் வீடு முழுவதும் லோத்தரின் மண்ணில் நிற்கிறது.

"ரெண்டு பேரும் திரும்பி நில்லுங்க. பார்க்கக்கூடாது," என்றார் கொன்ராட்.

நானும் லோத்தரும் அவர்களுக்கு முதுகைக் காட்டி, என் வீட்டைப் பார்த்துக்கொண்டு நின்றோம். கொடியில் என் உள்பாவாடைகள் ஆடிக்கொண்டிருந்தன.

"அந்த ஜன்னல் ஏன் அவ்வளவு பெரிசு?"

"கிடைச்ச ஜன்னல் அதுதான். அதுக்கு ஏத்த மாதிரி சுவரைக் கட்டினார்."

லோத்தர் சிரித்துவிட்டான். நான் சிரிக்கவில்லை.

பின்னால் மண்வெட்டிச் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. திடீரென்று எனக்கு மெய்சிலிர்த்தது. எந்த ரகசியமும் தங்காத தேசத்தில் வாழ்ந்தவள் நான். நான் மேற்கத்து வானொலி கேட்பதை என்னோடு பால் கறந்தவளே போலீசில் சொன்னாள். அங்கேயே ஏவால்ட், கல்யாண வீடுகளில் தலைகால் புரியாமல் குடித்தபோதும், விசாரணைக்கு இழுத்துப் போனபோதும், இதை மட்டும் வெளியே விடவில்லை. வேலிக்கு அந்தப் பக்கம் இன்னொருவரும் அப்படியே அதைக் காத்து வந்திருக்கிறார். ஒரு வார்த்தைகூடப் பேசிக்கொள்ள முடியாத இருவர் ஒரே விஷயத்தை இத்தனை காலம் சுமந்திருக்கிறார்கள்! அந்தக் கொஞ்ச நேரம் எனக்கு வீட்டைப் பற்றிய கவலையே மறந்துபோனது.

மண்வெட்டி நின்றது. ஒரு கிழவர் விம்மும் சத்தம் கேட்டது.

"முழுசா இருக்கு, ஏவால்ட். ஒண்ணுகூட நகரலை."

எங்களைத் திரும்பச் சொன்னபோது குழியை மூடிப் புதுக்கல் நட்டிருந்தார்கள். ஏவால்டின் கன்னத்தில் மண்ணும் கண்ணீரும் அப்பியிருந்தன. அவரை வெறுக்க வேண்டும் என்று நினைத்தேன், முடியவில்லை. லோத்தர் கல்லையும் வீட்டையும் மாறிமாறிப் பார்த்தான். கடைசியில் நானே சொன்னேன்.

"இது பெரியப்பா நிலம்தான், லோத்தர்."

"என்ன சொன்ன?"

"காது கேக்கலையா? உங்கப்பா நிலம். எல்லாரோடதும் இல்ல, அவரோடது. அவர்கிட்டேயிருந்து பிடுங்கிட்டாங்க."

அவன் அப்படியே பாத்தி வரப்பில் உட்கார்ந்துவிட்டான்.

"இதை இந்த ஊர்ல ஒருத்தர் வாயால கேட்கணும்னு சாகிற வரைக்கும் அப்பா சொல்லிட்டிருந்தார். யாரும் சொல்லமாட்டீங்கன்னுதான் நான் வக்கீல் வச்சேன்."

பிறகு எழுந்து காற்சட்டையைத் தட்டிக்கொண்டான்.

"ஏவால்ட், இன்னொரு கல் நட முடியுமா? வீட்டுக்கு அந்தப் பக்கம், வயலோரமா?"

"வீடு அவளுக்குப் போயிடும்."

"தெரியும்."

"அப்போ ரெண்டு பேரும் சம்மதிக்கணும்," என்று ஏவால்ட் என் பக்கம் திரும்பினார். "என்ன, ரோஸ்வித்தா?"

ஊரே பயப்படும் வாய் என்னுடையது. அன்றைக்கு அதிலிருந்து ஒரு வார்த்தை வரவில்லை. சம்மதமாகத் தலையை மட்டும் ஆட்டினேன்.