குறட்டைக்குக் கிராக்கி

சப்பை மூக்குப் பக் நாய்களை மீட்டு, நல்ல வீடாகப் பார்த்துக் கொடுப்பார் ஜவுளிக்கடைக்காரர். கடையில் கிழிசலை மடித்து மறைக்கிறவர், நாய் விஷயத்தில் மட்டும் குறையை முதலில் சொல்லிவிடுவார். இல்லையென்றால் போன நாய் அவர் வீட்டு வாசலுக்கே திரும்பிவிடும்.

ஆனால், அவர் தலையணையிலேயே படுத்துப் பழகிவிட்ட தொப்பை என்கிற நாயைக் கொடுக்க மனசு வரவில்லை. கேட்டு வந்த அம்மாவிடம் குறைகளை ஒன்றுக்கு இரண்டாக அளந்தார்.

“மாடி ஏறினா மூச்சு வாங்கும்மா. தினம் கண்ணுக்கு மருந்து விடணும். படுத்தா வீடே அதிரும், அப்படியொரு குறட்டை!”

“நெஜமாவா?” அந்த அம்மா தொப்பையை வாரி எடுத்துக்கொண்டாள். “எங்க வீட்டுக்காரர் போனதுலேருந்து வீட்ல குறட்டைச் சத்தமே இல்லண்ணே. தூக்கமே வரமாட்டேங்குது.”

இன்னொரு குறை வாய்வரை வந்தது. விழுங்கிக்கொண்டார்.

“மல்லாக்கப் படுக்க வைங்கம்மா,” என்றார், தரையைப் பார்த்தபடி. “இன்னும் சத்தமா விடும்.”