பாட்டை மட்டும் அழி

சரணுக்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு. எதையும் முழுசாகப் படிக்க மாட்டான். பேங்க் கடிதமோ, வாடகை ஒப்பந்தமோ, மாத்திரை அட்டையோ, எது கையில் வந்தாலும் நேராகக் கடைசிப் பக்கம்தான். கையெழுத்துப் போட வேண்டிய இடம் எங்கே என்று தேடிப் போட்டுவிட்டு எழுந்துவிடுவான். இந்தச் சோம்பேறித்தனத்தால்தான் ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் பதினோரு கல்யாணங்கள் ஒரே நேரத்தில் காணாமல் போயின.

சென்னையை ஒட்டிய கரையான்சாவடியின் மெயின் ரோட்டில், பிரியாணிக் கடைக்கு மேலே முதல் மாடியில் அவனுடைய ஸ்டூடியோ. கல்யாணம், காதுகுத்து, சீமந்தம் எல்லாம் படமெடுப்பது அவன். ஆல்பம் செய்வதும் கணக்கு வழக்கு பார்ப்பதும் அவனைத் திட்டுவதும் சபீனா. இருவரும் கூட்டாளிகள். எடுத்த வீடியோவைப் பாட்டுப் போட்டு ஜோடித்து ஸ்டூடியோ சேனலில் ஏற்றிவிடுவார்கள். சொந்தக்காரர்கள் எந்த ஊரில் இருந்தாலும் பார்த்துக்கொள்ளலாம்.

சினிமாப் பாட்டைப் போட்டால் உரிமைக்காரர்கள் உடனே வந்து நிற்பார்கள் என்பது சரணுக்குத் தெரியும். ஆகவே இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு வெளிநாட்டு வலைத்தளத்தில் காசு கொடுத்து ஒரு இசை வாங்கினான். வார்த்தை கிடையாது, புல்லாங்குழலும் தாளமும் மட்டும். கேட்டால் யாருக்கும் கண் கலங்கும். முதல் கல்யாணத்தில் போட்டான், பெண் வீட்டார் அழுதார்கள். இரண்டாவதில் போட்டான், மாப்பிள்ளை வீட்டாரும் சேர்ந்து அழுதார்கள். விடுவானா? பதினோரு கல்யாணத்துக்கும் அதையே போட்டான். வருகிறவர்களிடமெல்லாம், "நம்மளாண்ட எல்லாம் ஒரிஜினல். காசு குட்து வாங்குனது. எவனும் கை வெக்க முடியாது" என்று மார்தட்டவும் செய்தான்.

இப்போது கை வைத்துவிட்டார்கள். வீடியோத் தளத்திலிருந்து வந்திருந்த மின்னஞ்சலைச் சபீனா உட்கார்ந்து படித்தாள். அப்படியே வாங்கிய நாளில் வந்த உரிமப் பத்திரத்தையும் தேடி எடுத்து நாலு பக்கமும் படித்தாள்.

"ஒரு வாட்டி வாங்குனா ஒரே ஒரு வீடியோவுக்குத்தான் போடலாம். நாலாம் பக்கத்துல தெளிவா போட்டுருக்கான். நீ படிச்சியா இல்லியா?"

"இன்னாடி அநியாயம்! நாளைக்குக் குக்கர் வாங்குனா ஒரு வேளைதான் சோறு பொங்கணும்னு சொல்லுவானா?"

"குக்கர் வேற, இது வேற. போன வருஷம் பூந்தமல்லி ஸ்டூடியோக்காரன் நீ எடுத்த ட்ரோன் ஷாட்டைத் தூக்கித் தன் விளம்பரத்துல போட்டப்ப எப்பிடிக் குதிச்சே? அவன் ஊட்டு வாசல்ல போயி நின்னியே, மறந்துட்டியா?"

சரணுக்கு மறக்கவில்லை. பத்திரத்தின் அடியில் சின்ன எழுத்தில் அந்த இசையைச் செய்தவரின் பெயர் இருந்தது, வாயில் நுழையாத ஏதோ ஒரு பெயர். இத்தனை நாளும் அது ஒரு மனிதர் உட்கார்ந்து செய்தது என்றே அவனுக்குத் தோன்றியதில்லை. வெட்கமாகத்தான் இருந்தது. ஆனால் வெட்கப்பட்டுக்கொண்டு உட்கார நேரமில்லை. முதல் கல்யாணம் தவிர மீதிப் பத்தையும் தடுத்து வைத்திருந்தார்கள். எல்லாம் ஒரே சேனலில் இருந்ததால் பாவம், அந்த ஒன்றும் சேர்ந்து முடங்கிக் கிடந்தது. வெள்ளிக்கிழமைக்குள் பாட்டை எடுக்காவிட்டால் வீடியோக்கள் நிரந்தரமாக நீக்கப்படும் என்று எழுதியிருந்தது.

புதன்கிழமை ஒவ்வொரு வீட்டுக்கும் போன் போட்டான். பெரும்பாலானவர்கள் திட்டிவிட்டு விட்டுவிட்டார்கள். அவன் கொடுத்த பென் டிரைவ் அவர்கள் பீரோவில் பத்திரமாக இருந்தது. ஒரே ஒரு வீட்டில்தான் போனை எடுக்கவில்லை. அப்பாடா என்று நிமிர்ந்தபோது வியாழக்கிழமை காலையில் சுலோசனா படியேறி வந்தாள்.

அயனம்பாக்கத்து சுலோசனா. ஒன்றரை வருஷத்துக்கு முன்னால் அவள் மகள் கல்யாணத்தைச் சரண்தான் எடுத்தான். மூச்சு வாங்க நாற்காலியில் சாய்ந்தாள்.

"இன்னா தம்பி, எங்க ஊட்டுக் கல்யாணத்தை எங்க வெச்சுகினு கீறே? மூணு நாளா டீவீல கறுப்பாவே வருது."

"ஒரு சின்னப் பிரச்சினைம்மா. பென் டிரைவ் குடுத்தேனே, அதுல போட்டுப் பாருங்க."

"குட்தே, இல்லேன்னு சொல்லல. மாப்ள அத்த சட்டைப் பாக்கெட்ல வெச்சார். சட்டைய மெசின்ல போட்டுட்டாங்க. போச்சு. உங்கையில இன்னொன்னு இருக்கும்ல?"

இல்லை. ஒரு வருஷத்துக்கு மேல் எந்தக் கல்யாணத்தையும் அவன் வைத்திருப்பதில்லை. டிஸ்க்கை அழித்து அடுத்த கல்யாணத்துக்கு எடுத்துக்கொள்வான். பில்லின் பின்பக்கம் அது அச்சாகியிருக்கிறது. அதை அவள் படித்ததில்லை. அவளைக் குறை சொல்ல அவனுக்கு என்ன யோக்கியதை!

"அவசரமா வேணுமாம்மா?" என்று இழுத்தான்.

சுலோசனா அவனை ஒரு பார்வை பார்த்தாள். பிறகு சொன்னாள். ஒன்பது மாதத்துக்கு முன்னால் அவள் கணவர் அப்பாவுவுக்குப் பக்கவாதம் வந்தது. அம்பத்தூர் தொழிற்பேட்டையில், இரும்புத் தகடு அடிக்கும் பிரஸ் ஷாப்பில் வேலை. மெஷின் சத்தத்துக்கு மேலே கத்திக் கத்திப் பேசிப் பழகியவர். வலது கையும் பேச்சும் ஒரே நாளில் போய்விட்டன. சொன்னால் எல்லாம் புரிகிறது, வாயில் மட்டும் ஒரு வார்த்தை வருவதில்லை. பேச்சுப் பயிற்சிக்குக் கூட்டிப் போகிறாள், வாயைத் திறக்கவே மாட்டேன் என்கிறார்.

"காலீல பத்து மணியானா டீவீ முன்னாடி வந்து குந்திக்கும். பொண்ணு கல்யாணத்தைப் போடணும். அந்தப் பந்தி வரும் பாரு, அங்க மட்டும் மொகத்துல ஒரு சிரிப்பு வரும். அதுக்காவத்தான் நாளெல்லாம் உயிரைப் புடிச்சுகினு கீறேன். மூணு நாளா அது இல்ல. செவுத்தைப் பாத்துகினு படுத்துடுச்சு. சோறு ஊட்டப் போனா தட்டைத் தள்ளுது." நாற்காலியின் நுனிக்கு நகர்ந்தாள். "நாளைக்காவது வந்துடுமா, தம்பி?"

அந்தக் கல்யாணத்தின் ஒரே பிரதி சேனலில் கிடக்கிறது. தடை இருக்கும்வரை அதைத் தரவிறக்கவும் வீடியோத் தளம் விடவில்லை. காலையில்தான் முயன்று பார்த்தான். நாளை அதுவும் போய்விடும். ஒரு மனிதரின் ஒரே சந்தோஷத்தைத் தன் கையாலேயே துடைத்துவிட்டான்.

"பாக்கறேம்மா" என்றான். வேறு என்ன சொல்வது?

அவள் போனதும் சபீனா இசை விற்ற கம்பெனிக்குக் கடிதம் எழுத உட்கார்ந்தாள். நடந்ததை மறைக்காமல் எழுதினாள். பத்துக் கல்யாணத்தின் பட்டியலைப் போட்டு, ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாக உரிமம் வாங்கிக்கொள்கிறோம், தயவுசெய்து அவகாசம் கொடுங்கள் என்று முடித்தாள். "கம்ப்யூட்டர் தப்புன்னு போடேன்" என்று சரண் முனகியதற்கு அவள் திரும்பிய பார்வையில் அவன் வாயை மூடிக்கொண்டான். அடுத்த நிமிஷமே பதில் வந்தது. உங்கள் கோரிக்கை கிடைத்தது, முப்பது நாளுக்குள் பரிசீலிப்போம். அவ்வளவுதான். (பன்னிரண்டாம் நாள் ஒரு ஆள் நிஜமாகவே எழுதினார். நல்லவிதமாகத்தான் எழுதினார், உரிமங்களும் வாங்கியாயிற்று. ஆனால் அந்த வியாழக்கிழமைக்கு அது என்ன பிரயோஜனம்?)

தடுக்கப்பட்ட வீடியோவுக்குக் கீழே ஒரு பட்டன் மட்டும் மிச்சமிருந்தது. பாட்டை மட்டும் அழி. பக்கத்தில் எச்சரிக்கை வேறு: மற்ற சத்தங்களும் பாதிக்கப்படலாம், அழித்ததைத் திரும்பக் கொண்டுவர முடியாது.

"மத்த சத்தம்னு இன்னா கீது அதுல?" என்றான் சரண். "மொத்தமும் பாட்டுத்தான். மயான அமைதியா வந்து நிக்கும்."

"சுத்தமா போறதுக்குப் பதிலா ஊமைப் படமாவது மிஞ்சட்டும். அந்தம்மாவாண்ட கேட்டுட்டு அழுத்து."

சுலோசனாவுக்குப் போன் போட்டான். ஒன்றும் மறைக்கவில்லை. தப்பு தன்னுடையது என்பதையும், பத்திரத்தைப் படிக்காமலே விட்டதையும்கூடச் சொல்லிவிட்டான். பட்டனை அழுத்தினால் என்ன ஆகும் என்பதையும் சொன்னான்.

"ஆளுங்க மொகமெல்லாம் தெரியும்ல?" என்றாள்.

"தெரியும்மா. சத்தம்தான் இருக்காது."

"எங்க ஊட்ல இப்ப சத்தமா கீது? அழுத்து தம்பி. நீயாவது நேராச் சொன்னியே."

அழுத்தினான். சாமியைக் கும்பிட்டுக்கொண்டே அழுத்தினான். பதினோரு மணிக்கு ஆரம்பித்தது மூன்று மணி தாண்டியும் சுற்றிக்கொண்டே இருந்தது. கீழே பிரியாணி வாசனை கமகமத்தும் அவனுக்குச் சாப்பாடு இறங்கவில்லை. மூன்றரைக்கு, "முடிந்தது" என்று வந்தது.

சபீனா ஓடவிட்டாள். முதலில் ஒன்றுமே இல்லை. பெண்ணழைப்பு மௌனமாக நடந்தது. போச்சு என்று சரண் தலையில் கை வைத்தான். அப்புறம் ஒரு கரகரப்பு. அதற்குள்ளிருந்து ஒரு குழந்தையின் அழுகை, கொலுசு, தூரத்தில் மேளம்.

"ஏ, இரு இரு!" சபீனா ஹெட்போனைக் கழற்றிவிட்டு ஸ்பீக்கரைத் திறந்தாள். "இது எங்கேருந்து வருது?"

சரணுக்கு அப்போதுதான் உறைத்தது. கேமராவில் பதிவான சத்தத்தை அவன் என்றைக்குமே முழுதாக வெட்டுவதில்லை. சோம்பேறித்தனம்! ஒலியைக் கீழே இறக்கிவிட்டுப் பாட்டை மேலே போட்டு மூடிவிடுவான். இரண்டு வருஷமாக எல்லாக் கல்யாணத்துக்குள்ளும் நிஜக் கல்யாணம் அடியில் அமுங்கிக் கிடந்திருக்கிறது. மூடியை எடுத்ததும் வெளியே வந்துவிட்டது.

பந்தி வந்தது. இரண்டு பேரும் ஸ்பீக்கர் பக்கம் குனிந்து கேட்டார்கள். கடைசி வரை கேட்டார்கள். கேட்டு முடித்ததும் சபீனா கண்ணைத் துடைத்துக்கொண்டு, "யா அல்லா! இன்னும் இன்னாத்துக்குக் குந்திகினு கீறே? கெளம்பு" என்று வண்டிச் சாவியை எடுத்து அவன் மேல் வீசினாள்.

அயனம்பாக்கத்துக்கு அவன் போய்ச் சேர்ந்தபோது ஏரிப் பக்கமிருந்து காற்று வீசிக்கொண்டிருந்தது. சுலோசனா கதவைத் திறந்தாள். உள்ளே கட்டிலில் அப்பாவு சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார். கல்யாணத்தில் பார்த்த ஆளா இது என்று சரணுக்குப் பகீரென்றது. பாதி ஆளாக இளைத்திருந்தார். மனைவி தாங்கிப் பிடித்து நாற்காலியில் உட்கார வைத்தாள். அவர் சரணை ஏறிட்டும் பார்க்கவில்லை.

சரண் லேப்டாப்பை டீவீயோடு இணைத்தான். நேராகப் பந்தியை வைத்தான்.

திரையில் நீள நீளமாக இலைகள். பாட்டு இல்லை. அண்டா உரசும் சத்தம், டம்ளர் விழும் சத்தம். அதற்கு நடுவில், அத்தனையையும் தூக்கிச் சாப்பிடுகிற மாதிரி ஒரு பெரிய குரல்.

"எப்பா, அந்த ஓரத்துல வடை வெக்கல பாரு! இன்னாத்தப் பாத்துகினு நிக்கிறே? யோவ் கன்னியப்பா, எழுந்துக்காதே, பாயசம் வருது!"

சுலோசனா வாயைப் பொத்திக்கொண்டாள். அப்பாவு அசையவில்லை. திரையில் தன் வாய் அசைவதையும் அதிலிருந்து குரல் வருவதையும் கண்கொட்டாமல் பார்த்துக்கொண்டிருந்தார்.

"சுலோ! நீ இன்னும் துன்னலியா? அப்பால மயக்கம் போட்டு வுழுந்தா என்னாண்ட வராதே, சொல்ட்டேன்." கூட்டம் சிரித்தது. திரையில் சுலோசனா கையை ஓங்கிக் காட்டிவிட்டு ஓடினாள். குரல் நெருங்கியது, கேமராவுக்கு மிகப் பக்கத்தில் வந்தது. முகம் திரை முழுக்க நிறைந்தது.

"இன்னா தம்பி, காலீலருந்து சுத்திகினே கீறே. துன்னியா இல்லியா? அத்த அப்பால வெச்சிட்டு உக்காரு. உக்காரு நைனா! கல்யாணம் எங்கயும் ஓடிடாது."

திரை அந்த முகத்தை விட்டு நகர்ந்து அடுத்த வரிசைக்குப் போனது. அன்றைக்குச் சரண் உட்காரவில்லை. மேடையில் மாலை மாற்றக் கூப்பிட்டுவிட்டார்கள் என்று ஓடிவிட்டான். இந்த மனிதர் தன்னிடம் இப்படிச் சொன்னது அவனுக்கு நினைவிலேயே இல்லை.

பந்தி முடிந்தது. சரண் வீடியோவை நிறுத்தினான். சுலோசனா முந்தானையால் முகத்தை மூடியபடி விசும்பினாள். இனி இங்கே நிற்பது சரியில்லை என்று சரண் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, "நான் வரேன்மா, பென் டிரைவ்ல போட்டுக் கொண்டாந்து குடுக்கறேன்" என்று வாசலைப் பார்த்துத் திரும்பினான்.

அப்பாவு இடது கையை உயர்த்தினார். சரண் நின்றான். அவர் அவனைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். அப்போதுதான் முதல் முறையாகப் பார்த்தார். கை மெதுவாக நகர்ந்து எதிரே கிடந்த பிளாஸ்டிக் நாற்காலியைக் காட்டியது. உதடு குவிந்தது. கழுத்து நரம்பு புடைத்தது. காற்று மட்டும் வந்தது. கோபமாகத் தலையை ஆட்டிக்கொண்டு மறுபடி முயன்றார்.

"உ..."

சுலோசனா முந்தானையை விலக்கினாள்.

"உக்... உக்கா... உக்காரு."

குழறலாகத்தான் இருந்தது. ஆனால் சந்தேகமில்லை, அது வார்த்தைதான். சுலோசனா ஓடிவந்து அவர் தோளில் ஓர் அடி வைத்தாள். "அடப்பாவி மன்சா! ஒம்போது மாசமா உன் பக்கத்துலயே கெடக்கறேன், எனக்கு ஒரு வார்த்த வர்ல. நேத்து வந்த இவனுக்கு உக்காருவா?" என்று கத்தினாள். அழுகிறாளா சிரிக்கிறாளா என்று அவளுக்கே தெரியவில்லை. இன்னோர் அடி வைக்கப் போய், அந்தத் தோளிலேயே முகத்தைப் புதைத்துக்கொண்டாள்.

அப்பாவுவின் முகத்தில் இடது பக்கம் மட்டும் சிரித்தது. நல்ல கையால் அவள் தலையைத் தடவிக்கொண்டே, இன்னும் நின்றுகொண்டிருந்த சரணை அதட்டுகிற மாதிரி பார்த்தார்.

"உக்காரு" என்றார், முன்னைவிடச் சத்தமாக.

சரண் பையைக் கீழே வைத்துவிட்டு உட்கார்ந்தான்.