கழிவுநீக்க மண்டலம் சார்ந்த வசதி

ஒன்பதாம் வகுப்பு அறிவியலில் கழிவுநீக்க மண்டலப் பாடத்தை அமிர்தவல்லி டீச்சரைப் போல நடத்த ஆளில்லை என்று செந்துறை வட்டாரத்தில் பேர் இருந்தது. அவரைக்கொட்டை வடிவில் இரண்டு சிறுநீரகங்களை ஒரே இழுப்பில் கரும்பலகையில் வரைவார். ஒவ்வொன்றிலும் பத்து லட்சம் நெஃப்ரான்கள். அவை ரத்தத்தை வடிகட்டிச் சேர்க்கும் நீர், இரண்டு மெல்லிய குழாய்கள் வழியாகச் சொட்டுச் சொட்டாகச் சிறுநீர்ப்பைக்கு இறங்குவதைச் சொல்லும்போது பிள்ளைகள் தங்கள் வயிற்றையே குனிந்து பார்த்துக்கொள்வார்கள். எண்பத்தொன்றில் ஆய்வுக்கு வந்த கல்வி அதிகாரி அந்தப் பாடத்தை முழுவதும் உட்கார்ந்து கேட்டுவிட்டு, பதிவேட்டில் பாராட்டி எழுதினார்.

அன்று பொன்னாயி என்கிற பெண் எழுந்து, "அடக்கி வச்சா என்னாவும் டீச்சர்?" என்று கேட்டாள்.

"கிருமி பெருகும். கல்லு சேரும். சிறுநீரகமே கெட்டாலும் கெடும். அதனால தண்ணி நெறைய குடிக்கணும், வந்தா உடனே போயிடணும்" என்றார் டீச்சர். அப்போது மணி இரண்டரை. அவர் கடைசியாகப் போனது காலை ஏழு மணிக்கு, அரியலூரில் தன் வீட்டில்.

பள்ளியில் கழிப்பறை கிடையாது. ஆண் வாத்தியார்களுக்குக் கட்டடத்துக்குப் பின்னால் கருவேலங்காடு இருந்தது. மாணவிகள் பகல் சாப்பாட்டுக்கு வீட்டுக்கு ஓடி, கொல்லைப்புறப் புதரில் ஒதுங்குவார்கள். பாதிப்பேர் மத்தியானம் திரும்பி வருவதில்லை. ஆசிரியர்களில் டீச்சர் ஒருவர்தான் பெண். ஊருக்குள் எந்த வீட்டிலும் கழிப்பறை இல்லை, பெரிய பெண்களுக்கு இருட்டினால் வயல்தான். ஆகவே அவர் காலையில் அரை டம்ளர் காப்பி குடித்துவிட்டு பஸ் ஏறுவார். மாலை ஆறு மணிக்கு வீடு திரும்பும்வரை ஒரு வாய் தண்ணீர் குடிப்பதில்லை. பதினோரு வருடமாக இப்படித்தான்.

அந்தப் பங்குனியில் அவருக்குக் குளிர்க்காய்ச்சல் வந்தது. அடிவயிறு எரிந்தது, இடுப்பின் இடப்பக்கம் குத்தியது. அரியலூர் டாக்டர் சோதனை முடிவைப் பார்த்துவிட்டுக் கடிந்துகொண்டார்.

"தண்ணியே குடிக்கிறதில்லையா? அடக்கக் கூடாதுன்னு யாரும் சொல்லலியா உங்களுக்கு? என்ன வேலை பாக்குறீங்க?"

"சயின்ஸ் டீச்சர்ங்க."

டாக்டர் தலை நிமிராமல் மருந்துச் சீட்டு எழுதினார்.

பத்து நாள் விடுப்பு முடிந்து வந்த டீச்சர், தலைமையாசிரியர் கொளஞ்சியப்பனிடம் ஒரு கடிதம் நீட்டினார். 'பெண்கள் சிறுநீர் கழிக்கப் பள்ளியில் இடமில்லை. நோய் வருகிறது. ஒரு கழிப்பறை கட்டித் தர வேண்டும்' என்று மூன்றே வரி.

கொளஞ்சியப்பன் நல்ல மனிதர். படித்ததும் அவருக்கு முகம் சிவந்துவிட்டது.

"நியாயந்தாம்மா. ஆனா கல்வி ஆபீஸ்ல நாலு ஆம்பளைங்க படிப்பாங்க. ஒரு பொம்பள கைப்பட இப்படி எழுதுனா நல்லாவா இருக்கும்? நான் கொஞ்சம் நாகரிகமா மாத்தி அனுப்புறேன்."

நாகரிகமான கடிதம் இப்படிப் போனது: 'இப்பள்ளியில் கழிவுநீக்க மண்டலம் சார்ந்த வசதி இன்மையால் அறிவியல் ஆசிரியை பெரிதும் சிரமப்படுகிறார். ஆவன செய்ய வேண்டுகிறேன்.'

நான்கு மாதம் கழித்து ஒரு லாரியில் ஆள் மார்பளவு தேவதாருப் பெட்டி வந்து இறங்கியது. பியூன் கண்ணையன் வைக்கோலை விலக்கினார். உள்ளே, சுண்ணாம்புச் சாந்தில் செய்து வண்ணம் பூசிய மனித உடம்பின் பாதி. சிவப்பாக இரண்டு சிறுநீரகம், மஞ்சளாகச் சிறுநீர்ப்பை. கழற்றி மாட்டலாம். கூடவே, கோரியபடி அனுப்பப்பட்டது என்று ஒரு கடிதம்.

"நாகரிகமா எழுதிப் போட்டா வருது பாத்தீங்களா?" என்றார் கொளஞ்சியப்பன். அவருக்கு உண்மையிலேயே சந்தோஷம்.

டீச்சர் மஞ்சள் சிறுநீர்ப்பையைக் கையில் எடுத்துப் பார்த்தார். மூடியைத் திறந்தால் உள்ளே வெற்றிடம். அதைத் திரும்ப மாட்டிவிட்டுச் சொன்னார்: "பொம்மைய நீங்க ரூம்ல வச்சுக்குங்க சார். பெட்டிய எனக்குக் குடுங்க."

"பெட்டி எதுக்கும்மா?"

"செய்முறைக்கு."

அடுத்த சனிக்கிழமை கண்ணையன் பெட்டியைப் பிரித்துப் பலகைகளைச் சேர்த்துக் கதவு ஒன்று அடித்தார். கட்டடமும் சுற்றுச்சுவரும் சேரும் மூலையில் மாணவிகள் ஜல்லியும் மணலும் கொட்டினார்கள். நீர் வெளியே போக ஒரு சின்ன வாய்க்கால் வெட்டினார்கள். பாக்கிப் பக்கத்தைக் கீற்றுத்தட்டி மறைத்தது. கதவுக்குப் பூட்டு போட்டுச் சாவியைப் பொன்னாயியிடம் கொடுத்தார் டீச்சர்.

திங்கட்கிழமை இரண்டாவது பாடவேளையில், வகுப்பு பார்க்க, பானையிலிருந்து ஒரு டம்ளர் தண்ணீர் மொண்டு குடித்தார். இடைவேளையில் உள்ளே போய்க் கதவைச் சாத்தினார். வரவில்லை. வயிறு கனத்தது, ஆனாலும் வரவில்லை. பதினோரு வருடமாக அடக்கு என்றதைக் கேட்டு நடந்த உடம்பு, இப்போது போகலாம் என்றால் நம்ப மறுத்தது. மணி அடித்தும் அவர் வெளியே வரவில்லை. மாணவிகள் வெளியே வரிசையில் நின்றார்கள். சுவரைப் பிடித்துக்கொண்டு அவர் கொஞ்சம் அழுதார். பிறகுதான் வந்தது.

தை மாதம், முன்பு ஆய்வுக்கு வந்த அதே கல்வி அதிகாரி பொம்மையைப் பார்வையிட வந்தார். ஊர்க்காரர்கள் மாலை போட்டு, மூன்று இளநீர் வெட்டிக் கொடுத்தார்கள். பொம்மை கண்ணாடிப் பெட்டிக்குள் துடைத்து வைத்தபடி இருந்தது. கருவேலங்காட்டுப் பக்கம் அவர் நகர்ந்தால், மரியாதைக்கென்று கூட்டமே கூடவே வந்தது. மூன்று மணிக்கு அதிகாரி கொளஞ்சியப்பன் காதில் ஏதோ சொன்னார். கொளஞ்சியப்பன் டீச்சரிடம் வந்து நின்றார்.

"அந்தச் சாவி கொஞ்சம்…"

"பொன்னாயிகிட்ட இருக்குங்க சார்."

பொன்னாயி டீச்சர் முகத்தைப் பார்த்தாள். டீச்சர் தலையசைத்ததும், தாவணி நுனி முடிச்சை அவிழ்த்து அதிகாரியிடம் சாவியை நீட்டினாள். "கதவு கொஞ்சம் இறுக்கமா இருக்கும் சார், தூக்கித் தொறங்க" என்றாள்.

திரும்பி வந்த அதிகாரி முகம் தெளிந்திருந்தது. வேறு ஏதாவது வேண்டுமா என்று டீச்சரையே கேட்டார்.

"ஒரு தண்ணிக் குழாய் வேணுங்க சார். கழுவி விட."

'நாகரிகமா' என்று கொளஞ்சியப்பன் வாயைத் திறப்பதற்குள் டீச்சர் கையிலிருந்த சாக்பீஸை வைத்துவிட்டு, கடிதத்தைத் தானே எழுதப் பேனாவை எடுத்தார்.