ஏரி இருந்த பக்கம்

ஐஸ் பெட்டிக்கு அடியில் செங்கல் வைத்து உயர்த்திக்கொண்டிருந்தபோதே தண்ணீர் வாசற்படியைத் தாண்டிவிட்டது. ராகேஷ் பிளக்கைப் பிடுங்கினான். பெட்டியின் உறுமல் நின்றதும் அழுதுகொண்டிருந்தவர்களும் நிறுத்தினார்கள்.

விடியற்காலையில் நெஞ்சுவலியில் போனார் அப்பா ஆதிகேசவன். மழையும் அப்போதுதான் பிடித்தது. மதியத்துக்குள் பின்பக்கத்து ராஜகாலுவே என்ற பெரிய மழைநீர்க் கால்வாய் நிரம்பி, சாக்கடையோடு அடுகோடியில் அவர்கள் இருந்த சந்துக்குள் திரும்பிவிட்டது.

"எதிர்ல ரத்தினம்மா ஆன்ட்டிக்குத்தான் மாடி இருக்குது," என்றான் ராகேஷ். "நீ கேக்கறியாக்கா?"

சங்கமித்ரா புடவையைத் தூக்கிச் செருகினாள். சந்துக்கு மேற்கே பங்களாக்கள் நிற்கும் லேஅவுட் ஒரு காலத்தில் ஏரி. கட்டட இடிபாடுகளைத் தன் டிப்பர் லாரியில் கொண்டுபோய்க் கொட்டிக்கொட்டி அப்பாதான் அதை மேடாக்கினார். அந்த வருமானத்தில் வந்தது இந்த வீடு. நிற்க இடமில்லாத தண்ணீரும் மழைக்கு மழை இங்கேயே வந்தது. அப்படி வந்த ஒரு வெள்ளத்தில் ரத்தினம்மாளின் மகன் குணசேகர் தண்ணீரில் நின்றபடி மோட்டாரைத் தொட்டுச் செத்தான்.

அன்றைக்கு மாலை வாங்கிக்கொண்டு போன அப்பாவை ரத்தினம்மாள் வாசலிலேயே நிறுத்தினாள்.

"நீ கொட்டுன மண்ணுதான்யா எம்புள்ளைய கொன்னுது."

"நான் கொட்டலன்னா இன்னொருத்தன் கொட்டியிருப்பான்," என்று சொல்லிவிட்டு அப்பா திரும்பினார். அதோடு இரண்டு வீட்டுக்கும் பேச்சு நின்றது.

சங்கமித்ரா தண்ணீரைக் கடந்துபோய்க் கதவைத் தட்டினாள். ரத்தினம்மாள் திறந்தாள்.

"ஆன்ட்டி... அப்பாவ வைக்க எடமில்ல."

ரத்தினம்மாள் அவளுடைய நனைந்த புடவையைப் பார்த்தாள்.

"தூக்கிட்டு வரச்சொல்லு. இந்தத் தண்ணில ஒரு பொணம் கெடந்தது போதும்." பிறகு, "நான் ஒக்காந்து அழுவேன்னு மட்டும் பாக்காத," என்றாள்.

பெட்டி அந்தக் குறுகலான படியில் திரும்பாது. அப்பாவைப் போர்வையில் கிடத்தி நாலு பேர் தூக்கினார்கள். மாடி ஹாலில் பாய் ஏற்கெனவே விரித்திருந்தது.

ஜன்னலுக்கு வெளியே லேஅவுட் தெரிந்தது. மழை ஓய்ந்து சாலை கழுவிவிட்டதுபோல் இருந்தது. யாரோ நாயைப் பிடித்துக்கொண்டு நடந்தார்கள்.

ரத்தினம்மாள் துணியும் வாளியுமாக வந்தாள். தூக்கிவந்தவர்களின் சேற்றுக் காலடிகளைப் படியிலிருந்து ஒவ்வொன்றாகத் துடைத்துக்கொண்டே வந்தவள், பாயின் ஓரத்தில் நிறுத்தி, துணியை வாளியில் பிழிந்து, திரும்பிப் போனாள். பாயைச் சுற்றியிருந்த காலடிகள் அப்படியே இருந்தன.