சட்டையில் இல்லாத பொட்டு

பிரிக்பீல்ட்ஸில் ஒரு மாடிக் கடை. கேமராவும் லென்சும் புதிதாகவும் பழையதாகவும் விற்பார்கள், வாடகைக்கும் விடுவார்கள். அந்தக் கடையின் கண்ணாடி மேசைக்கு முன்னால் நின்ற ரமணி, ஒரு லென்சின் வாய்க்குள் கைப்பேசி விளக்கை அடித்து, பல் வைத்தியர் மாதிரி ஒற்றைக் கண்ணால் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"உள்ள என்ன இது, வேர் மாதிரி ஓடுது?"

"தூசிக்கா," என்றான் கடைக்காரன் முகுந்தன்.

"தூசி இப்படிக் கிளை விட்டு வளராது தம்பி. இது பூசணம்."

முகுந்தன் வாங்கிப் பார்த்தான். இந்த ஊரின் ஈரக் காற்றுக்கு லென்சுக்குள் பூசணம் பிடிப்பது ஒன்றும் அதிசயமில்லை. ஆனாலும் இப்போதுதான் முதன்முதலாகப் பார்ப்பவன் போல முகத்தை வைத்துக்கொண்டு, "அட, ஆமாலா!" என்று அதை மேசைக்கு அடியில் தள்ளிவிட்டு வேறொன்றை எடுத்து வைத்தான்.

ரமணிக்கு உள்ளூர ஒரு திருப்தி. கிள்ளான் துறைமுகத்துப் பக்கம் ஒரு கிடங்கில் அவளுக்கு வேலை. வந்து இறங்கும் கொள்கலன்களின் முத்திரை எண்ணைத் தாளில் இருக்கும் எண்ணோடு ஒத்துப் பார்க்க வேண்டும். பதினான்கு வருடமாக அதையே செய்ததில், யாராவது 'எல்லாம் சரியா இருக்கு' என்றால் அங்கேதான் முதலில் பார்ப்பது என்ற பழக்கம் அவளுக்கு ஊறிப்போயிருந்தது.

"முன்னூறு எம்.எம். வரைக்கும் தூரத்தைக் கிட்ட இழுக்கிற லென்ஸ் வேணும்," என்றாள்.

"என்னக்கா எடுக்கப் போறீங்க, பறவையா?"

"பிள்ளைங்க சிலம்பம். கிள்ளான் டேவான் மண்டபத்துக்குள்ள. பிளாஷ் போடக் கூடாது, பிள்ளைங்களுக்குக் கண்ணு கூசும்னு சொல்லிட்டாங்க."

"டேவான்னா மேல டியூப் லைட்டு."

"பாதி எரியும், பாதி எரியாது."

"நீங்க எவ்வளவு தள்ளி நிப்பீங்க?"

ரமணி கைப்பையிலிருந்து ஒரு சின்ன நோட்டை எடுத்துப் புரட்டினாள். "இருபத்திரண்டு எட்டு. போன வாரம் போய் நடந்து பாத்துட்டேன்."

முகுந்தன் அவளை ஏற இறங்கப் பார்த்தான். பிறகு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தான்.

"அப்ப முன்னூறு வேணாம்க்கா, இருநூறு போதும். உங்களுக்குத் தூரம் பிரச்சினை இல்ல, வெளிச்சம்தான் பிரச்சினை. இந்த முன்னூறு இருக்கே, இழுக்க இழுக்க வாய் சுருங்கிடும். அஞ்சு புள்ளி ஆறு. இந்த இருநூறு கடைசி வரைக்கும் ரெண்டு புள்ளி எட்டுலயே நிக்கும். நாலு மடங்கு வெளிச்சம் உள்ள வரும்."

"வாடகையும் நாலு மடங்கோ?"

"மூணுதான்க்கா."

"அதானே பாத்தேன். பெரிசா இருக்கறத என் தலையில கட்டப் பாக்கற."

"நம்பலன்னா சோதிச்சுப் பாருங்க."

சோதித்துப் பார்க்காமல் விடுகிறவளா அவள்? கூட வேலை செய்யும் ஒருத்தியிடம் இரவல் வாங்கி வந்த கேமராவை எடுத்துக்கொண்டாள். கடைக்கு வெளியே மாடிப்படி நட்ட நடுப் பகலிலும் மங்கலாக இருக்கும். கீழ்ப்படியில் அவள் நின்றுகொண்டு, மேல்படியில் முகுந்தனை நிறுத்தி, ஒரு குடையைக் கையில் கொடுத்துச் சுற்றச் சொன்னாள்.

"இன்னும் வேகமா! பதினோரு வயசுப் பிள்ள இதைவிட நல்லாச் சுத்தும்."

"பாஸ், உங்களுக்குப் பேய் பிடிச்சிருச்சா?" என்று கேட்டுக்கொண்டே மூன்றாம் மாடிக்காரர் ஒருவர் சுவரோடு ஒண்டி ஏறிப் போனார்.

முன்னூறு லென்சில் வெளிச்சம் போதாமல் ஷட்டர் மெதுவாகத் திறந்து மூடியது. குடையின் இடத்தில் சாம்பல் நிறத்தில் ஒரு விசிறிதான் விழுந்திருந்தது. இருநூறில் குடை அப்படியே காற்றில் நின்றது. அதன் முனையிலிருந்த துரு கூடத் தெரிந்தது. ரமணி பெரிதாக்கிப் பார்த்தாள், பிறகு இன்னும் பெரிதாக்கிப் பார்த்தாள். அவளுக்கு வேண்டியதும் அதுதான், ஒரு கம்பின் முனை.

"ஒண்ணு சொல்றேன்க்கா," என்றான் முகுந்தன் மூச்சு வாங்க. "டியூப் லைட்டு நம்ம கண்ணுக்குத் தெரியாம துடிக்கும். சில படம் இருட்டா விழும். ஒண்ணு ஒண்ணா எடுக்காதீங்க, அழுத்துனா விடாதீங்க."

விஷயம் இதுதான். அவளுடைய மகள் மலர்விழி சிலம்பம் ஆடுகிறவள். அவர்கள் சங்கத்துப் போட்டியில் கம்பின் இரண்டு முனையிலும் வெள்ளைப் பொடியைக் குழைத்துத் தடவி விடுவார்கள். எதிராளியின் கறுப்புச் சட்டையில் பட்டால் பொட்டு விழும். பொட்டுக்கு ஒரு புள்ளி. நடுவர் வேலாயுதம் மாஸ்டர். மூன்று வாரத்துக்கு முன்னால் நடந்த போட்டியில், மலர்விழியின் சட்டையில் பொட்டே இல்லாதபோது அவர் எதிராளி கிளாரிசாவுக்கு ஒரு புள்ளி கொடுத்தார். மலர்விழி தோற்றாள். அந்தக் கிளாரிசா செமினி ஊரில் அதே மாஸ்டரிடம் சிலம்பம் படிக்கிற பிள்ளை. இதற்கு மேல் ரமணிக்கு என்ன வேண்டும்? மண்டபமே திரும்பிப் பார்க்கும்படி சண்டை போட்டாள். சங்கத்துச் செயலாளர் செபாஸ்டியன் வந்து, "படம் இருந்தா குடுங்க அக்கா, பாத்துட்டு மாத்தலாம்," என்றார். அவள் கைப்பேசியில் இருந்ததோ இரண்டு பழுப்புப் புகை மூட்டங்கள்.

இந்த ஞாயிற்றுக்கிழமை மாநில அணிக்குத் தேர்வு. பன்னிரண்டு வயதுக்கு உட்பட்டவர்களில் ஒரே ஒரு பெண்ணுக்குத்தான் இடம். இறுதிக்கு வந்தது அதே இரண்டு பிள்ளைகள். ரமணி பெரிய லென்சைத் தோளில் தொங்கவிட்டுக்கொண்டு மண்டபத்துக்குள் நுழைந்தாள்.

"என்னா ரமணி, கல்யாண ஆர்டரா?" என்று கேட்டாள் கிளாரிசாவின் அம்மா டோரிஸ்.

"இல்ல டோரிஸ், உங்க மாஸ்டர் கையை எடுக்க வந்தேன்."

"நல்லா எடுங்க. அப்படியே என் மக முகத்துல இருக்கற பருவை விட்டுடுங்க."

வெளியே மழை. உள்ளே பகல் மூன்று மணிக்கே விளக்குப் போட்டிருந்தார்கள். ரமணி இருபத்திரண்டாவது எட்டில் நின்று, முதலில் லென்சைத் திருப்பியது மகள் பக்கம் இல்லை, மாஸ்டர் பக்கம். மாஸ்டர் காதைச் சொறிந்தார்: ஏழு படம். கிளாரிசாவைப் பார்த்து இரண்டு விரலை அசைத்தார்: பன்னிரண்டு படம். பிள்ளையின் இடுப்புக் கச்சை அவிழ்ந்திருப்பதை அவர் காட்டினார் என்பது பிறகுதான் தெரிந்தது. அதையும் ரமணி முழுதாக நம்பவில்லை.

ஆட்டம் சூடு பிடித்ததும் லென்ஸ் தானாகவே மகளிடம் வந்துவிட்டது. நாலுக்கு நாலு, அடுத்த புள்ளி எடுப்பவளுக்கு வெற்றி. கம்புகள் மோதும் சத்தம் தகரக் கூரையின் மழைச் சத்தத்தையும் மீறிக் கேட்டது. கிளாரிசா கீழிருந்து வீசினாள், மலர்விழி சுழன்று விலகினாள். மாஸ்டரின் கை உயர்ந்தது. கிளாரிசாவுக்குப் புள்ளி. ஆட்டம் முடிந்தது.

"எங்க பொட்டு? காட்டுங்க மாஸ்டர்!" மலர்விழி இரண்டு கையையும் விரித்து ஒரு சுற்றுச் சுற்றிக் காட்டினாள். சட்டை கன்னங்கரேலென்று துடைத்த பலகை போல இருந்தது.

 கேமராவில் விரலை அழுத்திய ரமணி ஆட்டத்தின் கடைசி வரைக்கும் விட்டிருக்கவில்லை. முறையீடு செய்யப் பதினைந்து நிமிடம் தருவார்கள். சுவரோரத்து பெஞ்சில் உட்கார்ந்து, கேமராவின் சின்னத் திரையைக் கையால் மறைத்துக்கொண்டு, படங்களை வரிசையாக ஓட்டினாள்.

முதல் படத்தில் கம்பு வருகிறது. இரண்டாவது இருட்டு. மூன்றாவதில் கம்பு முனை இடது விலாவில் பட்டுக்கொண்டிருக்கிறது. நான்காவதில் கம்பு போய்விட்டது. சட்டையில் பத்து சென் காசு அளவுக்கு வெள்ளையாக ஒரு பொட்டு. ஐந்தாவதில் மலர்விழி சுழல்கிறாள், முழங்கை உள்ளே மடங்கி விலாவோடு ஒட்டி வருகிறது. ஆறாவதில் சட்டை சுத்தம். முழங்கைக் காப்பில் மட்டும் வெளுப்பாய் ஒரு தேய்ப்பு.

ரமணி முதலில் கேமராவைச் சந்தேகப்பட்டாள். பிறகு லென்சை, பிறகு அதைக் கொடுத்த முகுந்தனை. விளக்கு துடிக்கிறது என்றானே, வெள்ளையாகத் தெரிவது அதுவாக இருக்கலாம் என்று பின்னால் போய், ஆட்டத்தின் முந்தின படங்களையும் ஓட்டினாள். அங்கேயும் இரண்டு இடத்தில் அதே முழங்கை, அதே மடிப்பு. அந்த இரண்டுக்கும் மாஸ்டர் புள்ளி கொடுத்திருந்தார். தடுமாறிச் செய்கிற காரியம் இவ்வளவு ஒழுங்காக வராது. பழகிச் செய்தது.

"ம்மா, கிடைச்சுதா?" மலர்விழி வேர்வையோடு ஓடி வந்தாள்.

"கிடைச்சுது."

"எது?"

அந்த ஒரு வார்த்தைக்கு ரமணி தலையைத் தூக்கி மகளைப் பார்த்தாள். பிள்ளையின் முகத்தில் சிரிப்பு இருந்தது. கண்ணில் இல்லை. ரமணி திரையைத் திருப்பிக் காட்டினாள். மலர்விழி படத்தைப் பார்த்ததைவிட, பக்கத்தில் வேறு யாராவது பார்க்கிறார்களா என்றுதான் அதிகம் பார்த்தாள்.

"அழிச்சிடலாம்லா, ம்மா."

"யாரு சொல்லிக் குடுத்தா?"

"யாரும் இல்ல." கால் கட்டை விரலால் தரையைத் தேய்த்தாள். "மொத தடவ சத்தியமா தெரியாமத்தான் தேஞ்சுச்சு. நான் சொல்லலாம்னுதான் இருந்தேன். அதுக்குள்ள நீங்க மாஸ்டர்கிட்ட கத்த ஆரம்பிச்சிட்டீங்க. பொட்டு இல்லன்னா புள்ளி இல்லன்னு நீங்கதான சொன்னீங்க."

அதற்குள் செபாஸ்டியனின் குரல் வந்தது. "ரமணி அக்கா, முறையீடு உண்டா இல்லையா? அஞ்சு நிமிஷம்தான் இருக்கு." மண்டபத்தில் பாதிப் பேர் அந்தப் பெரிய லென்சைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவள் எழுவதற்குள் வேலாயுதம் மாஸ்டரே அவளை நோக்கி நடந்து வந்தார். அறுபதைத் தாண்டியவர். நடையில் அவசரம் இல்லை.

"படம் எடுத்தீங்களாம். இருந்தா காட்டுங்கம்மா, நான் கோவிச்சுக்க மாட்டேன்," என்றார். பிறகு செபாஸ்டியனுக்குக் கேட்காதபடி குரலை இறக்கினார். "இந்தப் பிள்ளைக்கு எதிரா நான் பொட்டு இல்லாமலே நாலு புள்ளி குடுத்திட்டேன். பட்ட மாதிரிதான் எனக்குத் தெரிஞ்சுது. பட்டுச்சா, இல்ல என் கண்ணு போச்சான்னு எனக்கே சந்தேகம் வந்திருச்சு. கண்ணு போயிருந்தா இன்னையோட விசிலைக் கழட்டி வச்சிர்றேன்."

அந்தச் சங்கத்தில் துடைத்தது தெரிந்தால் ஒரு வருடம் ஆட விடமாட்டார்கள். அடுத்த வருடம் மலர்விழிக்கு வயது தாண்டிவிடும். 'படம் சரியா விழல மாஸ்டர்' என்று சொன்னால் போதும். எதுவும் மாறாது, யாருக்கும் தெரியாது. அவர் மட்டும் விசிலைக் கழற்றி வைப்பார். ரமணி கணக்குப் போட்டுக்கொண்டே கேமராவை நீட்டினாள். அவர் வாங்கவில்லை.

"கிட்டத்துல எனக்குக் கண்ணாடி வேணும்மா, கொண்டு வரல. என்ன இருக்குன்னு நீங்களே சொல்லுங்க."

அவருடைய சட்டைப் பையில் கண்ணாடிக் கூடு ஒன்றின் பழுப்பு விளிம்பு எட்டிப் பார்த்தது. ரமணி அதைப் பார்த்தாள். காலிக் கூடா, மறந்துவிட்டாரா, அல்லது எல்லாம் தெரிந்துகொண்டு தன்னைச் சோதிக்கிறாரா? அவர் முகத்தில் தேடினாள். அதில் எதுவும் எழுதியிருக்கவில்லை. பக்கத்தில் மலர்விழி அவள் விரல்களைப் பிடித்து இறுக்கினாள்.

"பட்டிருக்கு மாஸ்டர்," என்றாள் ரமணி. "இடது விலாவுல. இவ துடைச்சிருக்கா."

"எதால?"

"முழங்கையால. மூணு தடவ."

மாஸ்டர் நீளமாக மூச்சு விட்டார். சட்டைப் பையைத் தொடக்கூட இல்லை. "செபாஸ்டியன், இங்க வாங்க," என்று கூப்பிட்டுவிட்டு, மலர்விழியின் உயரத்துக்குக் குனிந்தார். "போன போட்டியில துடைச்சதும் இதே முழங்கைதானா?"

மலர்விழி அம்மாவின் கையை விட்டாள். மாஸ்டரைப் பார்க்காமல் அம்மாவையே பார்த்துக்கொண்டு தலையாட்டினாள். அந்தத் தலையாட்டலிலும் ரமணி ஒரு முழு வினாடி பொய்யைத் தேடினாள்.