அண்ணன் குரல், பாப்பா கை

முப்பது வயது தாண்டியும் வீட்டில் அவள் பாப்பாதான். மூளை வளர்ச்சி கொஞ்சம் குறைவு என்று டாக்டர் எப்போதோ சொன்னதை அண்ணன்காரன் கெட்டியாகப் பிடித்துக்கொண்டான். அப்பா அம்மா போன பிறகு அவன் வைத்ததுதான் சட்டம்.

அவளைப் போன்றவர்களுக்காக நடந்த ஒரு தொழிற்கூடத்தில் அவள் சோப்புக்கு அட்டைப்பெட்டி மடித்தாள். அவள் மடிப்பாள், பக்கத்து மேசை நெட்டை பசை தடவி ஒட்டுவான். அவனும் அவளைப் போலத்தான். இருவரும் கல்யாணம் பண்ணிக்கொள்ளப் போகிறோம் என்றார்கள். அவ்வளவுதான், அண்ணன்காரன் அவளை அறைக்குள் போட்டுப் பூட்டினான். தேடி வந்த நெட்டையை வாசல் கேட்டிலேயே மறித்து ஏதோ சொன்னான். ஜன்னலில் நின்ற பாப்பாவுக்கு ஒன்றும் கேட்கவில்லை. நெட்டை அழுதுகொண்டே போனதுதான் தெரிந்தது. அதன்பின் அவன் வேலைக்கும் வரவில்லை; அது தெரிந்த பிறகுதான் அண்ணன்காரன் அவளைத் திரும்பக் கூடத்துக்கு அனுப்பினான்.

சில மாதம் கழித்து ஒரு படக்காரி கூடத்துக்கு வந்தாள். இவர்களுடைய காதலைப் பற்றி அனிமேஷனில் ஒரு குறும்படம் எடுக்க வேண்டுமாம். காகிதத்தில் ஆட்களை வெட்டி, துளித்துளியாக நகர்த்தி, ஒவ்வொரு அசைவையும் போட்டோ எடுப்பது. பெட்டி மடித்த கைக்கு இதெல்லாம் ஜுஜுபி. தியாகி என்று பேர் கிடைக்குமே என்று அண்ணன்காரனே பாப்பாவைப் படவேலைக்குக் கூட்டி வந்தான். அண்ணன் பொம்மைக்குக் குரலும் கொடுத்தான்.

"என் தங்கச்சி சந்தோஷம்தான் எனக்கு முக்கியம். அவ ஆசைக்கு நான் என்னிக்கும் குறுக்க நின்னதில்ல."

அடேயப்பா, தேன் ஒழுகியது.

படக்காரி நெட்டையின் வீட்டுக்கும் போய் அவன் பேச்சைப் பதிவு செய்திருந்தாள். அதைப் பாப்பாவுக்குப் போட்டுக் காட்டினாள்.

"என் மூஞ்சியப் பாத்தாலே அவளுக்குப் புடிக்கலையாம். இனிமே வராதேன்னு சொன்னாளாம். அவங்க அண்ணன் சொன்னாரு."

பாப்பாவுக்குச் சுர்ரென்று ஏறியது. ஆனால் அழவில்லை. அழுதவள் படக்காரிதான், அவளைத் தேற்றும் வேலையும் பாப்பா தலையில் விழுந்தது. தேற்றிவிட்டுச் சொன்னாள்.

"அண்ணன் பேசினது அப்படியே இருக்கட்டும். அந்தப் பொம்மைய மட்டும் நான் நகர்த்துறேன்."

படம் போட்ட அன்று அண்ணன்காரன் சொந்தபந்தத்தையெல்லாம் திரட்டி வந்து முன்வரிசையில் உட்கார்ந்தான். படக்காரி அழைத்து வந்த நெட்டை கடைசி வரிசையில் தன் அம்மாவோடு இருந்தான்.

தங்கச்சி சந்தோஷம் முக்கியம் என்றது திரையில் குரல். பொம்மை அண்ணன் கதவை இழுத்துச் சாத்திப் பூட்டினான். குறுக்கே நின்றதில்லை என்றது குரல். பொம்மை அண்ணன் கேட்டில் இரண்டு கையையும் விரித்து நின்றான். யாரோ சிரித்தார்கள். அடுத்து, அவளுக்குப் புடிக்கலையாம் என்று நெட்டையின் குரல் வந்தது. ஜன்னலுக்குள்ளே காகிதப் பெண் கம்பியைப் பிடித்து உலுக்கிக்கொண்டிருந்தாள். சிரிப்பு நின்றது.

விளக்கு எரிந்தபோது அண்ணன்காரன் முகத்தில் ஈயாடவில்லை. பாப்பா அவனைத் தாண்டி நேரே கடைசி வரிசைக்குப் போனாள்.

"நான் அப்படிச் சொல்லவே இல்ல" என்றாள்.

"தெரிஞ்சுபோச்சு" என்றான் நெட்டை. அவன் அம்மா எழுந்து அவளுக்கு இடம் விட்டாள்.

பின்னாலேயே வந்த அண்ணன்காரன், சொந்தக்காரர்களை ஓரக்கண்ணால் பார்த்தபடி, தப்புதான், மன்னித்துவிடு, வீட்டுக்குப் போகலாம் என்றான். பெரியம்மா சமாதானத்துக்கு வந்தாள். இதுகளுக்கெல்லாம் குழந்தை மனசு, வன்மம் தெரியாது, இப்போதே மறந்துவிடுவாள் என்றாள்.

"எனக்கு வன்மம் தெரியும் பெரியம்மா" என்றாள் பாப்பா. "அண்ணா, மன்னிக்க மாட்டேன். நீ மட்டும் வீட்டுக்குப் போ."