தேறாத குளம்

வாய்க்கால் எங்கே முடிகிறதோ அங்கே அவர் வீடு. அதனால் ஊரார் அவருக்கு வைத்த பெயர் கடைமடைக்காரர். அந்த வீட்டுக்குத் தண்ணீர் கடைசியாக வரும், செய்தியும் கடைசியாக வரும், மனிதர்கள் வருவதே இல்லை. பேரனைப் பார்த்துவிட்டு இரண்டே மாதத்தில் திரும்புவதாகச் சொல்லி மகள் வீட்டுக்குப் போன மனைவி, மூன்று வருடமாகத் திரும்பிக்கொண்டே இருக்கிறாள். போனில் பேசினால் "என்னங்க, சாப்டீங்களா?" என்பாள். என்ன சாப்பிட்டார் என்று இவர் சொல்லி முடிப்பதற்குள் அங்கே யாராவது அவளைக் கூப்பிட்டுவிடுவார்கள்.

அப்படிப்பட்ட வீட்டுக்கு வியாழன்தோறும் ஒருவர் வந்தார் என்றால் அது மீன் திட்டத்தின் புண்ணியம். வெளிநாட்டு உதவியில் வாய்க்கால் நெடுக வீட்டுக்கொரு குளம் வெட்டி, திலேப்பியாக் குஞ்சு விட்டுக் கொடுத்தார்கள். விட்டதெல்லாம் ஆண் குஞ்சு. பெண் மீன் சேர்ந்துவிட்டால் குளம் முழுக்கப் பிள்ளைகள்தான். இருக்கிற தீனியை அத்தனை வாயும் பங்குபோட, ஒன்றாவது விரல் நீளத்தைத் தாண்டாது. வளர்ப்பைச் சொல்லித்தர வந்த இளைஞரை எல்லோரும் மீன் சார் என்றார்கள். மோட்டார் சைக்கிள், வலை, தொங்குதராசு, ஓயாத வாய்: இவ்வளவுதான் அவர் சொத்து.

வியாழக்கிழமை காலையிலேயே கடைமடைக்காரர் சட்டை மாட்டிக்கொண்டு தயாராகிவிடுவார். சார் வந்து குளத்தில் முழங்கை வரை கையை விடுவார். உள்ளங்கை மறையும் அளவுக்குத் தண்ணீர் பச்சையாக இருந்தால், மீனுக்குத் தீனி இருக்கிறது என்று தலையாட்டுவார். வலை வீசி நாலு மீனைப் பிடித்து நிறுப்பார். பிறகு கரையில் உட்கார்ந்து டீ. பாப்பாவுக்குப் பல் முளைத்தது, வீட்டுக்காரி கோபித்துக்கொண்டது, மாமனார் மூக்கை நுழைத்தது எல்லாம் அங்கேதான் அரங்கேறும். கடைமடைக்காரருக்கு சார் வீட்டில் எது எந்த அலமாரியில் இருக்கிறது என்பதுவரை அத்துப்படி.

திட்டத்தில் ஒரு விதி இருந்தது. ஒரு அறுவடை நன்றாக வந்துவிட்டால் அது தேறிய குளம். தேறிய குளத்துக்கு சார் வரமாட்டார். பக்கத்துக் குளம் தேறியபோது அந்த வீட்டுக்காரன் ஊரெல்லாம் பீற்றிக்கொண்டு திரிந்தான். 'வருகிற மனுசனை நிறுத்திவிட்டுக் கூத்தாடுகிறானே மடையன்' என்று நினைத்துக்கொண்டார் கடைமடைக்காரர்.

மறுநாளே வாய்க்காலில் இறங்கி, அங்கே தன்போக்கில் திரிந்த அதே ஜாதிப் பெண் மீன்கள் சிலவற்றை வாளியில் பிடித்துக் குளத்தில் விட்டார். இதைக் கேட்டு முகம் சுளிக்கிறவர்கள் ஒரு மாதம் தனியாகச் சாப்பிட்டுப் பார்க்கட்டும்.

அறுவடையில் வலை நிறையப் பொடி மீன். சார் தலையில் கைவைத்துக்கொண்டார். தண்ணீர் வரும் குழாய் வழியாகத்தான் பெண் மீன் நுழைகிறது என்று முடிவுகட்டி, குழாய் வாயில் வலை கட்டினார். அடுத்த முறையும் பொடி மீன்தான். இன்னும் நெருக்கமான வலை கட்டினார். கடைமடைக்காரர் கூட நின்று, முகத்தைப் பாவமாக வைத்துக்கொண்டு, கயிறு எடுத்துக் கொடுத்தார்.

ஒரு வியாழன் சார் வாயே திறக்கவில்லை.

"என்ன சார், பல்வலியா?"

"ஆபீஸ்ல கேக்கறாங்க ஐயா, மத்ததெல்லாம் தேறிடுச்சு, இது மட்டும் ஏன்னு. எனக்குச் சொல்லித்தரத் தெரியலையாம். இந்தத் தடவையும் இப்படின்னா என்னை மலைப்பக்கம் தூக்கிப் போட்டுருவாங்க."

"அப்ப இங்க?"

"வேற ஆள் வருவாரு. உங்களுக்கென்ன, வாராவாரம் ஆள் வந்துட்டுதான் இருக்கும்." சிரிக்கப் பார்த்தார், முடியவில்லை. "வீட்டுக்காரிக்கு இப்பத்தான் இங்க வேலை கிடைச்சிருக்கு, விட்டுட்டு வரமுடியாது. இனிமே பாப்பாவை நான் போன்லதான் பாக்கணும்."

கடைமடைக்காரர் டீ டம்ளரைக் கீழே வைத்தார். வேறு ஆள் வருவார். அவருக்கும் ஒரு வீடு இருக்கும், அவரும் கதை சொல்வார், வியாழக்கிழமை வியாழக்கிழமையாகவே இருக்கும். சும்மா இருந்தாலே போதும். ஆனால் போனில் பிள்ளையைப் பார்க்கிற வாழ்க்கை என்னவென்று இவருக்கா சொல்லித்தர வேண்டும்?

"தண்ணிய மொத்தமா வடிச்சுடலாமா சார்? தரை வெடிக்கிற வரைக்கும் காயப்போட்டு, முதல்லேருந்து விடலாம்."

"இதைத்தானே ஐயா நான் தொண்டை கிழியக் கத்திட்டு இருந்தேன்! தண்ணி மறுபடி கிடைக்காதுன்னு நீங்கதானே ஒத்துக்கலை!"

"இப்ப ஒத்துக்கறேன்."

குளம் வடிந்தது. சேற்றில் இறங்கி, குட்டைகுட்டையாகக் கையைவிட்டுத் தேடி, மிஞ்சிய மீனைக் கடைமடைக்காரரே பொறுக்கினார். ஒரு பெண் மீனைத் தூக்கியதும் அதன் வாயிலிருந்து குஞ்சுகள் சிதறின. அந்த ஜாதி மீன் பிள்ளைகளை வாயில் வைத்துத்தான் காக்கும். குஞ்சுகளையும் தாயையும் சேர்த்து அள்ளிக் கொண்டுபோய் வாய்க்காலில் விட்டுவிட்டு வந்தார். இடுப்பு விட்டுப்போயிற்று.

புதுக் குஞ்சுகள் கிடுகிடுவென்று வளர்ந்தன. வாராவாரம் தராசைப் பார்த்து சார் துள்ளினார். மீன் எடை ஏற ஏற இவருக்கு வியாழக்கிழமைகள் குறைந்துகொண்டு வந்தன. ஒருநாள் காலையில் வாளியை எடுத்துக்கொண்டு வாய்க்கால்வரை போனவர், கொஞ்ச நேரம் நின்று தண்ணீரைப் பார்த்துவிட்டு, முகம் மட்டும் கழுவிக்கொண்டு திரும்பினார்.

அறுவடையன்று வலையை இழுக்க நாலு ஆள் பற்றவில்லை. ஒவ்வொன்றும் இரண்டு கையால் பிடிக்கிற மீன். சார் சேறும் சகதியுமாக ஓடிவந்து அவரைக் கட்டிக்கொண்டார்.

"தேறிட்டீங்க ஐயா! என் மாத்தலும் நின்னுபோச்சு! அடுத்த வாய்க்கால்ல புதுக் குளம் எல்லாம் எனக்குத்தான். உங்களுக்கு இனிமே நான் தேவையே இல்ல!"

"ஆமா சார். தேவையே இல்ல."

"இப்படி மீனைத் தூக்கிப் பிடிங்க. சிரிங்க. அப்படித்தான்!"

சார் படமெடுத்து, இவருடைய மகளின் எண்ணைக் கேட்டு வாங்கி, அங்கேயே அனுப்பியும் வைத்தார். பிறகு தராசையும் வலையையும் கட்டிக்கொண்டு கிளம்பினார். பாப்பாவுக்கென்று இவர் எடுத்துக் கொடுத்த மீன் பையில் துள்ளிக்கொண்டிருந்தது.

சாயங்காலம் மனைவி போன் செய்தாள்.

"போட்டோ பாத்தேங்க. எவ்வளவு நாளாச்சு நீங்க இப்படிச் சிரிச்சு! பக்கத்துல ஆளுங்க வேற அத்தனை பேர். நான் பைத்தியக்காரி, நீங்க அங்க ஒண்டியா கஷ்டப்படுறீங்களோன்னு நினைச்சு, இந்த மாசமே வந்துடலாம்னு பெட்டிகூட எடுத்து வச்சுட்டேன். இப்பத்தான் நிம்மதி. பேரன் பள்ளிக்கூடம் சேர்ற வரைக்கும் இங்கயே இருந்துட்டு வரட்டுமா?"

அவர் குளத்தைப் பார்த்தார். அறுவடைக்கு வடித்த தரையில் ஒன்றுமில்லை.

"இரு, இரு," என்றார். "எனக்கு இங்க என்ன குறை? மெதுவாவே வா."